வயிரவன் வீடு – அரை

அத்தியாயம் 17

கண்ணம்மை ‘சரி’ என்று சொன்னதோடு போன வாரம் நிறுத்தினோம். சொன்னது ஒரே ஒரு சொல். அதற்கு நாலு நாள் தூக்கம் போனது, இடுப்பில் இரண்டு பிளாஸ்திரி ஏறியது.

மறந்தவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். நெற்குப்பைப் பூர்வீக வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். வீட்டைப் பற்றி நாலு வரி, முன்னோருக்குச் சோறு வைத்துக் கும்பிடுகிற படைப்பின் தேதி, புள்ளிப் பட்டியல், அவ்வளவுதான். இதற்கு முன்னால் கண்ணம்மையின் கொழுந்தன் கதிரேசன் சென்னையில் யாரையோ பிடித்து ஒன்று செய்ய வைத்தான். அதில் எழுத்து ஓடியது, நாதஸ்வரம் வாசித்தது, கோபுரம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு வருஷம் கவனிக்க ஆளில்லாமல் கிடந்ததில் எவனோ உள்ளே புகுந்துவிட்டான். மலேசியாவில் இருக்கிற சிகப்பி ஆச்சி தன் மாமனார் படத்தைப் பார்க்கலாம் என்று திறந்தால், சைட் அவரை ரம்மி ஆடக் கூப்பிட்டது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் கண்ணம்மை ஞாபகம் வந்தாள்.

வயிரவன் மனைவி. வீட்டிலிருந்தபடியே ஒரு சின்னக் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவள். முடியாது என்று சொல்லத் தெரியாதவள். வயிரவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. காரைக்குடி சுப்பிரமணியபுரத்து வீட்டில் இப்போது மூன்று பேர். அவள், காலேஜ் போகும் மகள் தேனம்மை, மாமனார் மெய்யநாதன்.

நாளை மறுநாள் படைப்பு. இன்று விளக்கு வைப்பதற்குள் சைட் ஏற வேண்டும் என்பது பங்காளிகள் போட்ட கெடு. போடுகிறவர்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

காலை ஒன்பது மணிக்கு மெய்யநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் படைப்பு நோட்டு.

“இதுல என்னென்ன ஓடும்?”

“ஒண்ணும் ஓடாது மாமா. எழுதி வச்சா எழுதினபடி நிக்கும். உள்ள புகுந்து கெடுக்குறதுக்குக் கதவே கிடையாது. நாளைக்கு நான் பாக்காட்டியும் அது பாட்டுக்கு நிக்கும்.”

“அப்ப நல்லது.”

கண்ணாடியை மேலே தள்ளித் திரையை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“என்னத்தா இது, வெள்ளையா வெறிச்சுன்னு கிடக்கு. கருமாதிப் பத்திரிகை கணக்கா.”

கண்ணம்மைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு பிடிக்கும் என்பதால் சிரிக்கவில்லை.

வெப்சைட்டுக்கு ஆயத்தமாய்க் கிடைக்கிற தீம்களில் நூறைப் பார்த்து அவள் எடுத்தது இது. மேலே பெயர், கீழே விஷயம், வேறு எதுவும் இல்லை. முதல் நாளே பங்காளிகள் குரூப்பில் குரலில் பதிந்து அனுப்பியிருந்தாள். ‘எது இல்லாட்டியும் சைட் நிக்குமோ அதையெல்லாம் எடுத்துருவோம். இருக்கவேண்டியது மட்டும் இருந்தாப் போதும்.’ எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்த வாக்கியம் திரும்பி வரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

எளிய தீம் என்றால் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நாலு நாளாய் அவள் செய்தது முழுக்க உரிக்கிற வேலை. தேடும் பெட்டியை எடுத்தாள். தொட்டால் பக்கத்தை இருட்டாக்கும் நிலாப் பொம்மையை எடுத்தாள். புள்ளிப் பட்டியலுக்குக் கீழே ‘இரண்டு நிமிட வாசிப்பு’ என்று தீம் தானாகவே போட்டுக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தாள். ஐந்து தலைமுறையை இரண்டு நிமிஷத்தில் வாசித்துவிடலாமாம்.

எழுத்துதான் படுத்தி எடுத்தது. தீம் எழுதியவன் இங்கிலீஷை மனசில் வைத்து எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடச் சொல்லியிருந்தான். தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. மெய்யநாதன் என்ற பெயர் பல் போன வாய் மாதிரி இருந்தது. இடைவெளியைத் தூக்கி, ஃபாண்ட்டை மாற்றி, வரிக்கு வரி கொஞ்சம் உயரம் கொடுத்த பிறகுதான் பெயர் பெயராய் நின்றது.

“மேல ஒரு ‘சிவமயம்’ போட்ரு ஆத்தா.”

போட்டாள்.

“இந்தக் கருமாதிக்கு என்ன செய்யிறது?”

தலைப்புக்கு மேலே மெல்லிசாய் ஒரு மஞ்சள் கோடு இழுத்தாள். ஒரே ஒரு வரி, நிறத்துக்கு ஒரு எண். பக்கம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டது போல் ஆனது.

“இப்ப சரி” என்றார் மெய்யநாதன். இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

பட்டியலுக்கு வந்தார்கள்.

இந்தப் புள்ளிக் கணக்கைச் செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமாகி ஆணும் பெண்ணுமாய் இருந்தால் ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரை. நெற்குப்பை வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. படைப்பன்று முதல் தட்டை எடுத்து வைக்கிற உரிமை மூத்த கிளையின் முழுப்புள்ளிக்கு. பதினெட்டு வருஷமாய் அது மெய்யநாதன் கையில் இருக்கிறது. நோட்டும் அவர் கையில்தான்.

கண்ணம்மை தனியாக ஒரு ஃபைல் வைத்திருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. பெயர், ஊர், புள்ளி. அந்த ஃபைலைப் பார்த்துத் தீம் தானே பக்கத்தை அடுக்கிக்கொள்ளும்.

“ஆரம்பிக்கவா?” என்றார். “மெய்யநாதன், காரைக்குடி, ஒண்ணு.”

அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நாலாவதற்கு இறக்க வேண்டும். கண்ணம்மையின் காது அங்கே இருந்தது, கை இங்கே அடித்தது.

“வயிரவன் வீடு, காரைக்குடி” என்று வேகமாய் வாசித்தார். “அரை.”

அடித்தாள்.

“கதிரேசன், சென்னை, ஒண்ணு.”

அடித்தாள். இப்படி நாற்பத்து நாலு வீடு. பதினொரு மணிக்கு முடிந்தபோது மெய்யநாதனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, கண்ணம்மைக்கு முதுகு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. நோட்டின்படி முப்பத்தொன்பது முழுசு, ஐந்து அரை. அந்த ஐந்தில் நாலு விதவைப் பெண்கள். இன்னொருவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிற கிழவர்.

ஏற்றுவதற்கு முன்னால் பார்த்துச் சொல்ல ஒரு சோதனை லிங்க்கைக் கதிரேசனுக்கும் தேனம்மைக்கும் அனுப்பினாள். பதினொன்றரைக்குக் கதிரேசன் கூப்பிட்டான். வயிரவனுக்கு நேர் தம்பி. அண்ணன் மனைவியை அந்த வீடுகளில் அண்ணமிண்டி என்பார்கள்.

“அண்ணமிண்டி, லிங்க் பாத்தேன். நல்லாருக்கு. ஒரே ஒரு விசயம்.”

ஒரே ஒரு விஷயம் என்று ஆரம்பிக்கிறவர்கள் ஒரு விஷயத்தோடு விட்டதாய் வரலாறு இல்லை.

“சொல்லுங்க தம்பி. உமையாள் நல்லாருக்காளா? நாளைக்கு எத்தனை பேரு வாரீக? ரூம் ஒழிக்கணும்.”

“ம், இருக்கா. ரூமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.” பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. ரோட்டில் நின்று பேசுகிறான் போல. “அந்தப் பட்டியல்ல அரை அரைன்னு வருதுல்ல, அது வேணாம்.”

“வேணாம்னா?”

“முழுப் புள்ளி மட்டும் போடுங்க. வெளிநாட்டுல இருக்க பிள்ளைக பாக்கும். அதென்ன அரை மனுசன்னு கேக்கும். ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி மாளாது. நீங்கதான சொன்னீக, எது இல்லாட்டியும் நிக்குமோ அதை எடுத்துருவோம்னு.”

கண்ணம்மை திரையைப் பார்த்தாள். இரண்டாவது வரியில் இருந்தது, வயிரவன் வீடு – அரை.

“அப்ப நாங்க?”

“நீங்க எங்க போறீக? என் புள்ளிக்குக் கீழதான் அண்ணன் வீடுன்னு ஊருக்கே தெரியும்ல. தேனுக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப நான்தான முன்னால நிக்கப் போறேன்? யாரையும் ஒதுக்கல அண்ணமிண்டி. பாக்க நறுவிசா இருக்கட்டும்னு சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “எனக்கு முடியல. இதைப் பத்தி இனிமே பேச எனக்குத் தெம்பில்லை. போட்ருங்க.”

கதிரேசன் கெட்டவன் இல்லை. அண்ணன் காரியத்தில் பத்து நாளும் கூடவே நின்றவன். ஆனால் அன்றைக்கு அவன் குரலில் இருந்த களைப்பு, சண்டைக்கு வருகிறவன் குரலைவிடக் கண்ணம்மையை வாயடைக்க வைத்தது.

“சரி” என்றாள்.

போனை வைத்த பிறகு தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாய் வந்தது. அந்த ஒரு வரிதான் வயிரவனுக்கு இந்த உலகத்தில் மிச்சம். ஆதார் போச்சு, பேங்க் கணக்கு போச்சு, போன் நம்பர்கூட இப்போது யாரோ திண்டுக்கல்காரன் வைத்திருக்கிறான். நாளைக்குத் தேனம்மையை யாராவது எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் வயிரவன் வீடு என்று காட்ட ஒரு இடம் வேண்டாமா? சித்தப்பா வீட்டுக்குக் கீழே என்று ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வரவில்லை.

“என்னவாம்?” என்றார் மெய்யநாதன்.

“அரையெல்லாம் எடுத்துறச் சொல்றாக.”

அவர் நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு இருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று கண்ணம்மை அரை நிமிஷம் காத்திருந்தாள்.

“கூட்டமாக் கூடுற இடம். நாலு பேரு சொல்றதுக்கும் காது குடுக்கணும்ல ஆத்தா” என்றார் கடைசியில்.

எடுப்பது பெரிய வேலை இல்லை. அரை என்று இருக்கிற வரிகளைக் காட்டாதே என்று தீமுக்கு ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஃபைலில் பெயர் அப்படியே இருக்கும், பக்கத்தில் மட்டும் தெரியாது. அழிக்கவில்லை, மறைக்கத்தான் செய்கிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுதினாள். சேமித்தாள். பக்கம் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுப் புதிதாய் வந்து நின்றது.

மெய்யநாதன் குனிந்தார்.

“என்னத்தா, கதிரேசன் பேரு முதல்ல நிக்குது?”

கண்ணம்மை பார்த்தாள். சிவமயம், மஞ்சள் கோடு, தலைப்பு, அதன் கீழே முதல் வரியில் கதிரேசன். எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு.

“என் பேரைக் காணோமே” என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபைலைத் திறந்தாள். முதல் வரி: மெய்யநாதன், காரைக்குடி, 0.5.

குக்கர் விசிலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு அடித்த வரி. அவர் ஒன்று என்றுதான் வாசித்தார். அவள் கை கேட்டதை அடிக்காமல் அதற்குத் தெரிந்ததை அடித்துவிட்டது. அவர் மனைவி, அவளுடைய அயித்தை, போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் அவர் தனியாள் என்பது அவர் குடிக்கிற காப்பி டம்ளருக்குக்கூடத் தெரியும்.

“நான் ஒண்ணுன்னுதான வாசிச்சேன்?”

“ஒண்ணுன்னுதான் வாசிச்சீக மாமா. நான்தான் தெரியாம…”

நோட்டை எட்டிப் பார்த்தாள். முதல் பக்கம், முதல் வரி. மெய்யநாதன், 1. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஆறு வருஷமாய் அந்த ஒன்று ஒன்றாகவே நிற்கிறது. படைப்புக்கு வருகிற அத்தனை பங்காளிக்கும் அது தெரியும். முதல் தட்டைத் தனியாகத்தான் எடுத்து வைக்கிறார் என்று கண்ணால் பார்க்கிறார்கள். மூத்தவரைப் போய் யார் கேட்பது?

மெய்யநாதன் நோட்டை மூடினார்.

“சரி, தெரியாமத்தான செஞ்சே. எனக்கு ஒண்ணுன்னு மாத்திரு ஆத்தா.”

அவள் விரல் விசை மேலேயே இருந்தது. மூன்று எழுத்தை அழித்து ஒன்றைப் போட ஒரு நொடி ஆகாது.

“மாட்டேன் மாமா.”

சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது தான் என்று அவளுக்கே தெரிந்தது. மெய்யநாதன் காது கேட்காதவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

“என்ன சொன்னே?”

“எனக்கு எழுதுறப்ப மட்டும் எப்படி மாமா கை வந்துச்சு?” குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லை. “அவுக போயி நாலே மாசம். நெற்குப்பை வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு, ஒண்ண அடிச்சிட்டு அரைன்னு எழுதுனீக. நான் ரெண்டாங்கட்டுக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். பேனா கீறுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மூணு வருசமாச்சு. அந்தச் சத்தம் இன்னும் போகல.”

“ஆத்தா…”

“வழக்கம்னா வழக்கம்தான், நான் ஒண்ணும் சொல்லல. அரைன்னாலும் ஒரு வரி இருந்துச்சு. இன்னைக்கு அதையும் எடுக்கச் சொல்றாக. நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு காது குடுக்கணும்ங்குறீக. எனக்கு உடம்பு அலுத்துப் போச்சு மாமா. உங்களுக்கு ஒண்ணு போடுறதுக்கு எனக்குக் கை வரல. நீங்களே போட்டுக்கங்க.”

கீபோர்டை அவர் பக்கம் லேசாய்த் தள்ளிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காலையில் விசில் எண்ணாமல் விட்டு இறக்கிய பருப்பு குழைந்து போயிருந்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

மெய்யநாதன் கீபோர்டைத் தொடவில்லை. மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. சோறு போட்டு மூடி வைத்தாள். முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார், நோட்டு நெஞ்சின் மேல் கவிழ்ந்திருந்தது. இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். தூங்கவில்லை.  பேசிவிட்டோமே என்றும், பேசாமல் எப்படி என்றும் அவளுக்கு மாறி மாறி அடித்துக்கொண்டது.

மூன்றரைக்குத் தேனம்மை வந்தாள். பையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே போனைத் திறந்துவிட்டாள்.

“அம்மா, போன்ல பேரு ரெண்டு வரியா உடையுது பாத்தீகளா? எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க. அந்த மஞ்சக் கோடு சூப்பர். யாரு ஐடியா?”

“உங்க ஐயா.” அந்த வீடுகளில் தாத்தாவை ஐயா என்பார்கள், அப்பாவை அப்பச்சி என்பார்கள்.

“ஐயாவா?” என்று சிரித்துக்கொண்டே விரலால் பக்கத்தைத் தள்ளினாள். தள்ளியவள் நின்றாள். மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.

“அப்பச்சி பேரு எங்கம்மா?”

கண்ணம்மை மகள் தோளிலிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“அம்மா, அப்பச்சி பேரைக் காணோம். ஐயா பேரையும் காணோம். தப்பா வந்திருக்கு, பாருங்க.”

“தப்பில்ல. சும்மா இரு.”

“தப்பில்லேன்னா? நம்ம வீடு இல்லாம அப்புறம் எதுக்கும்மா நீங்க நாலு நாளா உக்காந்து இதைச் செஞ்சீக? யாரு வீட்டுக்குச் செஞ்சீக?”

முற்றத்தில் சாய்வு நாற்காலி கிரீச்சிட்டது.

மெய்யநாதன் வந்தார். வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணம்மையின் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து மைப் பேனாவை எடுத்தார்.

“உன் அயித்தை தவறுன வருசம் இந்தப் பக்கத்தைத் திறந்தேன்” என்றார் யாரையும் பார்க்காமல். “எழுத வரல. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். அவ இல்லேன்னு என் கையாலயே எழுதணுமான்னு இருந்துச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு விட்டேன். அடுத்த வருசமும் விட்டேன். அப்புறம் பழகிப்போச்சு. முதல் தட்டை விட மனசில்லாமலும் இருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன்.”

கண்ணம்மை சுவரில் சாய்ந்து நின்றாள்.

“உனக்கு எழுதுனது என் கைதான். ஆனா அன்னைக்கு அத்தனை பேரு பாத்துக்கிட்டிருந்தாக. பெத்த மகனுக்காக வழக்கத்தை மாத்திட்டான்னு சொல்லிருவாகளோன்னு பயந்தேன். எனக்குன்னா யாரும் கேக்கமாட்டாகன்னு தெரியும். உனக்குன்னா கேப்பாகன்னு தெரியும். அவ்வளவுதான் ஆத்தா அது. வேற நியாயம் ஒண்ணுமில்லை.”

பேனாவை வைத்து அந்த ஒன்றை அடித்தார். பக்கத்தில் அரை என்று எழுதினார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. கோடு கொஞ்சம் வளைந்து போயிருந்தது.

“நீ எழுதினதுதான் சரி. என் வரி அரையாவே இருக்கட்டும்” என்றார். “இப்ப அந்தக் கதிரேசனைக் கூப்புடு.”

தேனம்மைதான் ஐயாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

“சொல்லுங்க அப்பச்சி.”

“அரையெல்லாம் எடுக்கச் சொன்னியாமே. எடுத்தாச்சு. என் பேரும் போயிருச்சு.”

“உங்க பேரு எப்படிப் போகும்? அண்ணமிண்டி ஏதோ தப்பா…”

“தப்பில்லை. ஆறு வருசமா நான் அரைதான். இப்பத்தான் நோட்டுல எழுதுனேன். எடுக்குறதுன்னா எல்லாரையும் எடுக்கணும், மூத்தவன் பேரு இல்லாம ஒரு பட்டியலை வச்சுப் படைங்க. போடுறதுன்னா எல்லாரையும் போடணும். நீயே சொல்லு, எது?”

 இந்த முறை பின்னால் வண்டிச் சத்தம் இல்லை.

“போட்ருங்க அப்பச்சி” என்றான் கதிரேசன்.

கண்ணம்மை குனிந்து, மறைக்கச் சொன்ன அந்த ஒரு வரியை எடுத்தாள். பக்கம் கண் சிமிட்டியது. மெய்யநாதன் வீடு – அரை. வயிரவன் வீடு – அரை. கதிரேசன் வீடு – ஒன்று. சிகப்பி ஆச்சி உட்பட நாற்பத்து நாலும் வந்து நின்றன. எழுத்தை ஒரு அளவு குறைத்தாள். தேனம்மை தன் போனில் பார்த்து, பேரு உடையவில்லை என்றாள்.

“ஏத்திரவா மாமா?”

“ஏத்து.”

ஏற்றினாள். நாலு நாள் வேலை ஏற நாற்பது நொடிகூட ஆகவில்லை. பங்காளிகள் குரூப்பில் தேனம்மை லிங்க்கைப் போட்டாள். உடனே இரண்டு கட்டை விரல், ஒரு கும்பிடு. சிகப்பி ஆச்சி குரலில் அனுப்பியிருந்தார். என் பேரைப் பாத்துட்டேன், ரம்மி வரல, நல்லாருங்க என்று.

கண்ணம்மை அவர் காலையில் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து முதன்முறையாக முதுகைச் சாய்த்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கேற்ற வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்து ஏற்றலாம்.

“கதிரேசா, இருக்கியா?” மெய்யநாதன் போனை இன்னும் வைக்கவில்லை. “நான் அரைன்னு ஆயிட்டா முதல் தட்டு எனக்கில்லை. அடுத்த முழுப்புள்ளி நம்ம வீட்டுல நீதான். நாளைக்குப் பல்லவன் ரயில்ல வர்றப்பவே உமையாளைப் பட்டுச் சேலை எடுத்துட்டு வரச் சொல்லு. ரெண்டு பேரும் நின்னு எடுத்து வைங்க. இத்தனை வருசம் நான் ஒத்தையா வச்சது போதும்.”

மெய்யநாதன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“கேக்குதா?”

“கேக்குது அப்பச்சி” என்றான். “நான் மட்டும்தான் வாரேன்.”

“ஏன், உமையாளுக்கு உடம்பு சுகமில்லையா?”

“அவ அவுக வீட்டுக்குப் போயி நாலு மாசமாச்சு. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். பட்டியல்ல அரைங்குற பேச்சே வராம இருந்தா, என்னையும் யாரும் உத்துப் பாக்கமாட்டாகன்னு நினைச்சேன்.”

கண்ணம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கோம் அப்பச்சி” என்றான் கதிரேசன். “இதுக்கு நோட்டுல என்னன்னு எழுதுவீக?”

மெய்யநாதன் பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மூடியைத் திறக்கவில்லை. திரையில் மூன்றாவது வரியில் கதிரேசன் வீடு – ஒன்று என்று நின்றது. அதற்குள் நாற்பது பேர் திறந்து பார்த்துவிட்டதாகத் தேனம்மையின் போன் சொன்னது.